மாதக் கடைசியும் அலகுச் சோதனையும்

(முதுகலை இரண்டாமாண்டு மாணவன், கணினி அறிவியல் துறை)

நிரல் எழுதும் மாணவர் யாரிடமும் "சரிபார்த்தாயா?" என்று கேட்டுப் பாருங்கள். "ஓட்டிப் பார்த்தேன், விடை வந்தது" என்பதே பெரும்பாலும் பதிலாக இருக்கும். நானும் அப்படிச் சொன்னவன்தான். அப்படிச் சொல்லிவிட்டு நான் நிம்மதியாக இருந்த ஐந்து மாதத்தில், என் அறைத் தோழன் ஒருவன் தான் உண்ணாத சோற்றுக்கு 700 ரூபாய்க்குச் சற்று மேல் கட்டியிருந்தான். அவனுடைய தந்தையார் கூலிக்குத் தறி நெய்பவர். அந்தப் பிழையை எப்படிக் கண்டேன் என்பதையும், கம்பைலர் வழியாக இயந்திர மொழிக்கு மாற்றப்படும் நிரல்களைச் சோதிக்கும் கருவியொன்றை அதன் பின் எப்படிக் கற்றேன் என்பதையும் சக மாணவர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். கருவியின் பெயர் கூகுள் டெஸ்ட். அதன் முதற்பாடம் எளிது. எவரும் ஒரு மாலையில் கற்றுவிடலாம். நான் சொல்ல முனைவது இரண்டாம் பாடத்தை.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். இளங்கலை மூன்றாமாண்டில், 2023 ஆகஸ்டு மாதம், நான் தங்கியிருந்த விடுதியின் மெஸ் கணக்கைச் சி பிளஸ் பிளஸ் மொழியில் நிரலாக எழுதிக் கொடுத்தேன். மெஸ் நடந்தது டிவைடிங் முறையில். மாதச் செலவு முழுவதையும், எல்லா மாணவர்களும் சாப்பிட்ட நாட்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால் ஒரு நாளைய வீதம் கிடைக்கும். அவரவர் சாப்பிட்ட நாளால் அதைப் பெருக்கினால் அவரவர் பில். ஊருக்குப் போகிறவர் தொடர்ந்து 3 நாளோ அதற்கு மேலோ போனால்தான் அந்த நாட்கள் கழியும். ஒரு நாள், இரண்டு நாள் போனால் கழியாது. விடுப்புப் புத்தகத்தில் புறப்படும் தேதியும் திரும்பும் தேதியும் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். இவ்வளவுதான் விதி.

பைசா கணக்கில் பிழை வரக்கூடாதென்று தொகை முழுவதையும் பைசாவாக, முழு எண்ணாகவே வைத்தேன். வகுத்தபின் மிஞ்சும் பைசாக்களைப் பட்டியலின் முதற் பெயர்களுக்கு ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். மாத முடிவில் எல்லாப் பில்களையும் கூட்டினால் மொத்தச் செலவு பைசா பிசகாமல் வந்தது. இதைத்தான் நான் 'சோதனை' என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

2024 பிப்ரவரி முதல் வாரத்தில், பில் ஒட்டியிருந்த பலகையருகே நின்று என் நண்பன் கேட்டான்: "ஏன்டா, மாசக் கடைசியிலே ஊருக்குப் போனா மட்டும் எனக்கு முழுசா கழியவே மாட்டேங்குது?"

"டோட்டல் பைசா சுத்தமா ஒத்துப்போகுதுடா. கணக்கு தப்பா இருக்க வழியே இல்லை" என்றேன். அவன் மேற்கொண்டு பேசவில்லை, சாப்பிடப் போய்விட்டான்.

அன்றிரவு விடுப்புப் புத்தகத்தை எடுத்துத் தாளில் கணக்கிட்டேன். அவன் கூலிக் கணக்கு முடிக்கத் தந்தையாருக்குத் துணையாக மாதந்தோறும் மாதக் கடைசியில்தான் ஊருக்குப் போவான். செப்டம்பர் 28 முதல் அக்டோபர் 2 வரை ஐந்து நாள் போயிருந்தான். என் நிரலோ மாதத்தை மாதமாக மட்டுமே பார்த்தது. செப்டம்பரில் 28, 29, 30 ஆக மூன்று நாள், கழித்தது. அக்டோபரில் 1, 2 ஆக இரண்டே நாள். 'மூன்றுக்குக் குறைவு' என்று கழிக்காமல் விட்டது. இப்படி நான்கு மாதத்தில் இரண்டிரண்டு நாளும் ஒரு மாதத்தில் ஒரு நாளுமாக 9 நாள் போயிற்று. நாள் வீதம் ஏறத்தாழ 80 ரூபாய்.

மொத்தம் ஏன் ஒத்துப்போயிற்று என்பது இப்போது விளங்கும். அவன் கணக்கில் கூடிய நாட்கள் வகுக்கும் எண்ணையும் கூட்டின; அதனால் மற்றெல்லாருடைய வீதமும் சில பைசா இறங்கியது. ஒருவன் அதிகம் கட்டினான், முந்நூறு பேர் துளித்துளியாகக் குறைத்துக் கட்டினோம், கூட்டுத்தொகை ஒன்றே. டிவைடிங் முறையில் நாட்களை எப்படித் தவறாக எண்ணினாலும் மொத்தம் ஒத்தே தீரும். நான் சோதித்தது ஒருபோதும் தோற்க முடியாத ஒன்றை.

நிற்க. அலகுச் சோதனை என்பது நிரல் முழுவதையும் ஓட்டிப் பார்ப்பதன்று. அதன் ஒவ்வொரு சிறு பகுதியையும் தனியே பிடித்து, தெரிந்த உள்ளீட்டைக் கொடுத்து, தெரிந்த விடை வருகிறதா என்று இன்னொரு நிரலால் கேட்பது. கென்ட் பெக் என்பவர் ஸ்மால்டாக் மொழிக்கென இத்தகைய சட்டகத்தை முதலில் அமைத்தார். 1997-இல் அவரும் எரிக் காமாவும் சூரிக்கிலிருந்து அட்லாண்டா செல்லும் விமானத்தில் அமர்ந்தபடி ஜாவாவுக்கான ஜேயூனிட்டை எழுதினார்கள். கூகுள் நிறுவனம் தன் சி பிளஸ் பிளஸ் சட்டகத்தை 2008-இல் பொதுவில் வெளியிட்டது. இதன் 1.17 பதிப்புக்குச் சி பிளஸ் பிளஸ் 17 தெரிந்த கம்பைலர் வேண்டும். ஆய்வகங்களில் நாம் இன்னும் விடாமல் கட்டிக்கொண்டிருக்கும் நீலத்திரை டர்போ சி இதற்கு உதவாது என்பதைத் துறைத்தலைவர் அவர்களின் கவனத்துக்குப் பணிவுடன் கொண்டுவருகிறேன்.

கம்பைல் ஆன நிரலில் என்ன தனிச் சிக்கல்?

ஜாவாவில் நிரல் ஓடும்போதே 'இந்த வகுப்பில் என்னென்ன சார்புகள் உள்ளன?' என்று கேட்டுப் பெயர்ப்பட்டியல் வாங்க முடியும். ஆகவே ஜேயூனிட் சோதனைகளைத் தானே தேடிக்கொள்ளும். சி பிளஸ் பிளஸில் கம்பைல் ஆனபின் அந்தப் பட்டியல் இராது. எனவே கூகுள் டெஸ்ட் ஒரு தந்திரம் செய்கிறது. நாம் 'டெஸ்ட்' என்ற மேக்ரோவை எழுதும் ஒவ்வோரிடத்திலும் அது சத்தமின்றி ஒரு புதிய வகுப்பையும் ஒரு நிலையான மாறியையும் உண்டாக்குகிறது. 'மெயின்' தொடங்கும் முன்பே அம்மாறிக்குத் தொடக்க மதிப்பு இடப்படும். அந்தச் சமயத்தில் சோதனை தன் பெயரைப் பதிவேட்டில் எழுதிக்கொள்கிறது. கல்லூரி திறக்கும் முன்பே வருகைப் பதிவேட்டில் பெயர் ஏறிவிடுவதைப் போல.

இதில் ஒரு கண்ணியும் உண்டு. சோதனைகளை நிலையான நூலகக் கோப்பில் தனியே கட்டி வைத்தால், 'இதை யாரும் பெயர் சொல்லி அழைக்கவில்லையே' என்று லிங்கர் அந்தத் துண்டையே விட்டுவிடக்கூடும். அப்போது சோதனைகள் தோற்பதில்லை; இல்லாமலே போய்விடும். திரையில் எல்லாம் பச்சையாகவே தெரியும். ஆகவே சோதனைகளைப் பட்டியலிடச் சொல்லும் 'லிஸ்ட் டெஸ்ட்ஸ்' தெரிவை அவ்வப்போது கொடுத்து எண்ணிக்கையைப் பார்த்துக்கொள்வது நலம்.

அடுத்தது 'எக்ஸ்பெக்ட்', 'அஸெர்ட்' என்னும் இரண்டுக்குமுள்ள வேறுபாடு. முன்னது தோற்றால் குறித்துக்கொண்டு மேலே செல்லும். பின்னது தோற்றால் நின்றுவிடும். இவ்வளவு எல்லாரும் அறிந்ததே. எங்கே நிற்கும் என்பதில்தான் நான் இரண்டு நாள் இழந்தேன். அஸெர்ட் உள்ளுக்குள் வெறும் 'ரிட்டர்ன்'தான். தான் இருக்கும் சார்பிலிருந்து மட்டுமே அது வெளியேறும். விடுப்புப் புத்தகக் கோப்பைத் திறக்க ஒரு துணைச் சார்பு எழுதி, கோப்பு திறக்காவிட்டால் நிற்கட்டும் என்று அதற்குள் அஸெர்ட் வைத்தேன். கோப்பு திறக்கவில்லை; துணைச் சார்பு திரும்பிற்று; அதை அழைத்த சோதனையோ ஒன்றும் நடவாததுபோல் அடுத்த வரிக்குப் போய், இல்லாத கோப்பைப் படித்து விழுந்தது. துணைச் சார்பை 'அஸெர்ட் நோ ஃபேட்டல் ஃபெயிலியர்' என்ற மேக்ரோவுக்குள் வைத்து அழைத்தால் தோல்வி மேலேயும் எட்டும். அஸெர்ட் உள்ள சார்பு எதையும் திருப்பித் தராத 'வாய்டு' வகையாகவே இருக்க வேண்டும் என்ற விதிக்கும் இதுவே காரணம். ஒரே துணைச் சார்பைப் பல இடத்திலிருந்து அழைக்கும்போது, தோற்றது எந்த அழைப்பு என்று காட்ட 'ஸ்கோப்டு ட்ரேஸ்' இருக்கிறது. எந்த மாணவன், எந்த மாதம் என்று அதில் எழுதி வைத்தால் தோல்விச் செய்தியோடு சேர்ந்து வரும்.

ஃபிக்ஸ்சர் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஐந்து பேர் கொண்ட ஒரு குட்டி விடுதியை 'செட்டப்'பில் அமைத்துக்கொண்டேன். ஒவ்வொரு சோதனைக்கும் அது புதிதாகக் கட்டப்பட்டு முடிவில் இடிக்கப்படும். ஒன்றின் எச்சில் மற்றொன்றில் படாது. ஓராண்டு விடுப்புப் புத்தகத்தைப் படிப்பது போன்ற நேரம் தின்னும் வேலையை மட்டும் 'செட்டப் டெஸ்ட் ஸூட்' என்பதில் வைத்தால் அந்தத் தொகுதிக்கு ஒரே முறை நடக்கும்.

3650 விடுப்புகள்

என் பிழையைப் பிடித்தது அளபுருச் சோதனை, அதாவது 'டெஸ்ட் பி'. ஒரே சோதனையை ஒரு முறை எழுதிவிட்டு, அதற்குள் 'கெட் பாரம்' என்று கேட்டால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு மதிப்பு வரும். மதிப்புகளை வெளியே தனியாகக் கொடுக்கிறோம். 'வேல்யூஸ்' என்றால் நாம் எழுதியவை. 'ரேஞ்ச்' என்றால் ஒரு வரிசை, அதன் இறுதி எண் சேராது. 'கம்பைன்' என்றால் இரண்டு வரிசைகளின் எல்லா இணைகளும்.

விடுப்பு தொடங்கும் நாளாக ரேஞ்ச் 1 முதல் 366, அதாவது 2023-ஆம் ஆண்டின் 365 நாட்கள். விடுப்பின் நீளமாக ரேஞ்ச் 1 முதல் 11, அதாவது 1 முதல் 10 நாள். இரண்டையும் கம்பைன் செய்தால் 3650 விடுப்புகள். எதிர்பார்க்கும் விடை எளிது. நீளம் 3-க்குக் குறைந்தால், எல்லா மாதத்திலும் கழிந்த நாட்களின் கூட்டுத்தொகை 0. இல்லையென்றால் நீளத்துக்குச் சமம். இங்கே ஓர் எச்சரிக்கை: எதிர்பார்க்கும் விடையை நிரலில் உள்ள அதே வழியில் கணக்கிடாதீர்கள். மாதமாகப் பிரித்து நானே கூட்டியிருந்தால், அதே தவறு இரு பக்கமும் நின்று கைகுலுக்கியிருக்கும்.

பழைய நிரலை அப்படியே வைத்து ஓட்டினேன். 348 தோற்றன. அந்த எண் சரிதானா என்று கையாலும் பார்த்தேன். ஒரு மாத எல்லையைத் தாண்டும் விடுப்பில், எந்தப் பக்கமாவது ஒன்றோ இரண்டோ நாள் மட்டும் விழுந்தால் பிழை. மூன்று நாள் விடுப்பு அப்படி இரண்டு விதமாகப் பிளவுபடும், நான்கு நாள் விடுப்பு மூன்று விதமாக, ஐந்திலிருந்து பத்து நாள் வரை ஒவ்வொன்றும் நான்கு விதமாக. ஆக எல்லைக்கு 29, பன்னிரண்டு எல்லைக்கு 348. தாளும் திரையும் ஒத்துப்போனபோதுதான் பிழையை முழுவதும் புரிந்துகொண்டேன் என்ற துணிவு வந்தது. திருத்தமோ நான்கு வரிதான்: முதலில் தொடர் விடுப்பு முழுவதையும் பார்த்துத் தகுதி முடிவு செய்வது, பிறகே மாதங்களுக்குப் பிரிப்பது.

அளபுருச் சோதனைகளுக்குச் சட்டகம் தானே 0, 1, 2 என்று எண் இடும். 1,847-ஆவது தோற்றது என்றால் யாருக்கு என்ன புரியும்? பெயர் சூட்டும் சார்பொன்றைக் கடைசியில் சேர்த்துக் கொடுத்தால் மாதமும் நாளும் நீளமும் பெயரிலேயே வரும். எழுத்து, எண், அடிக்கோடு தவிர வேறு குறி கூடாது. சோதனையை எழுதிவிட்டு மதிப்புகளைக் கொடுக்க மறந்துபோவதும் உண்டு. முன்பெல்லாம் அது மௌனமாக ஓடாமல் கிடக்கும். இப்போதைய பதிப்புகள் அதையே ஒரு தோல்வியாகக் காட்டுகின்றன.

இதன் உறவினர் 'டைப்டு டெஸ்ட்'. இங்கே மாறுவது மதிப்பன்று, தரவு வகை. என் கணக்கில் செலவை நாளால் பெருக்கிப் பிறகு வகுத்தேன். முந்நூறு பேர், 30 நாள், 80 ரூபாய் என்றால் மாதச் செலவு 7,20,000 ரூபாய். பைசாவில் 7,20,00,000. அதை 30-ஆல் பெருக்கினால் 216,00,00,000. முப்பத்திரண்டு பிட் 'இன்ட்' கொள்ளும் உச்சம் 214,74,83,647. பலர் ஊருக்குப் போகும் சாதாரண மாதங்களில் செலவு இதற்குக் கீழேயே இருந்ததால் தப்பித்தேன். விடுதி நாள் விருந்து வரும் மாதத்தில் பில்கள் கண்டபடி போயிருக்கும். ஒரே சோதனையை இன்ட், லாங் லாங் இரண்டுக்கும் ஓட்டியபோது முன்னது தோற்றது. 1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ராக்கெட் புறப்பட்ட ஒரு நிமிடத்துக்குள் சிதறியதும் இந்த இனத்துப் பிழையால்தான்: ஏரியான் 4-இலிருந்து எடுத்துவந்த நிரலில் 64 பிட் தசம எண்ணொன்று 16 பிட் முழு எண்ணுக்குள் அடங்கவில்லை. மெஸ் கணக்குக்கு இது பெரிய உவமைதான்; ஆனால் பிட்டுகளுக்கு ராக்கெட்டும் ரசமும் ஒன்றே.

சாவுச் சோதனை

பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டாம். சட்டகமே வைத்த பெயர் அது. மே மாத விடுமுறையில் மெஸ் மூடியிருக்கும். யாரும் சாப்பிடவில்லை, நாட்களின் கூட்டுத்தொகை 0. என் நிரல் அந்த மாதத்தில் என்ன செய்யும் என்று ஓட்டினேன். 'ஃப்ளோட்டிங் பாயிண்ட் எக்ஸெப்ஷன்' என்று லினக்ஸ் ஒரு வரி சொல்லிவிட்டு நிரலைக் கொன்றது. நான் பயன்படுத்தியதோ முழு எண் வகுத்தல். தசமம் என்பதே அதில் இல்லை. இந்தச் செய்தியின் பெயர்ப் பொருத்தத்தைப் பற்றி எனக்கு இன்னும் மனக்குறை உண்டு. அதைவிட மோசம், பில் கோப்பு பாதி எழுதியபடி கிடந்தது.

எனவே கூட்டுத்தொகை 0 என்றால் கோப்பைத் தொடுமுன்பே பிழைச் செய்தி சொல்லி, வெளியேறும் குறி 2 என்று நிரல் நிற்க வேண்டுமென மாற்றினேன். இதை எப்படிச் சோதிப்பது? நிரல் நின்றால் அதே செயல்முறையில் ஓடும் சோதனையும் சேர்ந்தே நின்றுபோகுமே! ஜாவாவில் விதிவிலக்கைப் பிடித்துக்கொள்ளலாம். கம்பைல் ஆன நிரலை இயக்க முறைமையே கொல்லும்போது பிடிக்க ஒன்றுமில்லை. கூகுள் டெஸ்ட் ஒரு குழந்தைச் செயல்முறையைப் பெற்றெடுத்து அதைச் சாக விடுகிறது. தாய் வெளியே நின்று, எந்தக் குறியோடு இறந்தது, பிழைத் தடத்தில் என்ன சொல்லிவிட்டு இறந்தது என்று பார்க்கிறது. 'எக்ஸ்பெக்ட் எக்ஸிட்' என்பதில் குறியையும் செய்தியின் வடிவத்தையும் கொடுக்கிறோம். 'எக்ஸ்பெக்ட் டெத்' என்பதில் குறி 0 அல்லாத எந்த முடிவும் போதும்.

இங்கே மறக்கக்கூடாதது ஒன்று. குழந்தை மாற்றிய மாறிகள் தாயின் நினைவகத்தில் மாறா. நான் குழந்தைக்குள் ஓர் எண்ணிக்கையைக் கூட்டிவிட்டு வெளியே வந்து அதைத் தேடினேன். அது 0-ஆகவே இருந்தது. இழைகள் பல ஓடும் நிரலில் குழந்தை பிறப்பதே ஆபத்து. அதனால்தான் சாவுச் சோதனைத் தொகுதியின் பெயர் 'டெத் டெஸ்ட்' என்று முடிய வேண்டும் என்பது மரபு; அப்பெயர் கண்டால் சட்டகம் அவற்றை மற்றவற்றுக்கு முன்னே ஓட்டும். 'த்ரெட்ஸேஃப்' என்ற பாணியைத் தெரிவு செய்தால், சோதனை நிரலையே புதிதாகத் தொடங்கி அந்த ஒரு சோதனையை மட்டும் ஓட்டும். மெதுவானது, ஆனால் பத்திரமானது.

போலிப் பொருள்களைப் பற்றிச் சுருக்கமாக. என் நிரல் இன்றைய தேதியை நேரே இயக்க முறைமையிடம் கேட்டது. அப்படியிருந்தால் மாதக் கடைசியைச் சோதிக்க மாதக் கடைசி வரை காத்திருக்க வேண்டும். தேதி கேட்பதை ஒரு விர்ச்சுவல் சார்பாக ஒதுக்கி, 'மாக் மெத்தட்' கொண்டு ஒரு போலி நாட்காட்டி செய்தேன். 'எக்ஸ்பெக்ட் கால்' என்று, ஒரே முறை கேட்கப்படும், கேட்டால் செப்டம்பர் 30 என்று சொல் எனக் கட்டளையிட்டேன். இந்தக் கட்டளையை நிரலை ஓட்டும் முன்பே கொடுத்துவிட வேண்டும். போலிகளில் மோகம் கொண்டு எல்லாவற்றையும் போலியாக்கிவிட்டால் கடைசியில் போலிகளைத்தான் சோதித்துக்கொண்டிருப்போம். எனக்கு நாட்காட்டி ஒன்றே போதுமாயிருந்தது.

'ஷஃபிள்' தெரிவு கொடுத்தால் சோதனைகள் வரிசை கலைந்து ஓடும். முதல் கலைப்பிலேயே என் சோதனையொன்று விழுந்தது. வேறொரு சோதனை விட்டுச் சென்ற நிலையான மாறியை நம்பி அது அதுவரை வாழ்ந்திருக்கிறது. கலைத்த முறைக்கான விதை எண்ணைத் திரையிலேயே அச்சிடுவார்கள். அதையே திரும்பக் கொடுத்தால் அதே வரிசை மீண்டும் வரும். இப்போதைக்கு ஓடவேண்டாம் என்று ஒரு சோதனையை அழிக்காமல் நிறுத்த, பெயருக்கு முன் 'டிஸேபிள்டு' என்று சேர்த்தால் போதும். ஆனால் ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவிலும் 'உன்னிடம் இத்தனை கிடக்கின்றன' என்று மஞ்சள் எழுத்தில் நினைவூட்டிக்கொண்டே இருக்கும். கடன்காரரைப் போல.

சோதனைகளும் புதிய நிரலும் கைக்கு வந்தபின் ஐந்து மாதக் கணக்கையும் மறுபடி ஓட்டி, வித்தியாசப் பட்டியலோடு விடுதிக் காப்பாளரிடம் போனேன். என் நண்பனைத் தவிர இன்னும் சிலருக்கும் மாத எல்லையில் நாட்கள் போயிருந்தன. அவர் பட்டியலை இருமுறை பார்த்துவிட்டு, "தம்பி, இதை நீயா கண்டுபிடிச்சே, இல்லை யாராவது கேட்டாங்களா?" என்றார். "கேட்டாங்க சார், நான்தான் முதல்லே சரியா இருக்குன்னு சொல்லிட்டேன்" என்றேன். அடுத்த பில்லில் அவர்களுக்குக் குறைத்து, மற்றவர்களுக்கு ஆளுக்குச் சில ரூபாய் ஏற்றி நேர் செய்யப்பட்டது. பலகையில் அதற்கு விளக்கம் எழுதி ஒட்டும் வேலையும் எனக்கே வந்தது.

அன்று மாலை நண்பனை ஆய்வகத்துக்கு அழைத்துப் போய் 3650 வரிகளும் பச்சையாக ஓடுவதைக் காட்டினேன். அவன் வரலாற்று மாணவன். 'ஃபில்டர்' தெரிவில் செப்டம்பர் 28 என்று கொடுத்து அவனுடைய ஐந்து நாளைத் தனியே எடுத்துக் காட்டியதும் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இந்த மாசம் 27-ஆம் தேதி ஊருக்குப் போறேன். அது இருக்கா?"

"பிப்ரவரி 27 இருக்குடா."

"இந்த வருஷம் பிப்ரவரிக்கு 29 நாளாச்சே?"

நான் கொடுத்திருந்தது 2023-ஆம் ஆண்டை மட்டும். அவனை அங்கேயே உட்காரச் சொல்லிவிட்டு, 2024-க்கு ரேஞ்ச் 1 முதல் 367 என்று இன்னொரு வரி சேர்த்தேன். 3660 புதிய விடுப்புகள். கம்பைல் ஆகி ஓடி முடியும் வரை இருவரும் பேசவில்லை. 27-ஆம் தேதி தொடங்கும் ஐந்து நாள் விடுப்பு பிப்ரவரியில் மூன்றும் மார்ச்சில் இரண்டுமாகப் பிரிந்து, ஐந்தும் கழிந்திருந்தது.